காட்டுக்குள் ஒரு ரகசியத் தோட்டம்

பீனட் பட்டரைக் கண்டுபிடித்தது யார்? க்விஸ்ல இந்தக் கேள்வி வந்தா நம்மில் பாதிப் பேர் யோசிக்காம ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்னு அடிச்சிடுவோம். ஸ்கூல் படிக்கும்போது நானும் அப்படித்தான் எழுதி மார்க் வாங்கினேன். ஆனா அந்தப் பதில் தப்பு. கார்வர் வேர்க்கடலையைப் பற்றி எழுத ஆரம்பிக்கும் முன்னாடியே பீனட் பட்டர் அமெரிக்காவில் விற்பனையில் இருந்தது.

அப்புறம் எதுக்கு அவரைப் பற்றி ஒரு கட்டுரை? ஏன்னா அவர் கதையில் பீனட் பட்டரைவிட சுவாரசியமான ஒண்ணு இருக்கு. சுமார் பன்னிரண்டு வயது வரை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேர முடியாத ஒரு பையன், வீட்டுக்குள் துணி தைத்தும் நூல் பின்னியும், வீட்டுக்குப் பின்னாடி இருந்த காட்டில் செடி வளர்த்தும் கற்றுக்கொண்டான். அந்தப் படிப்பு கடைசிவரை அவனுக்குக் கை கொடுத்தது. இன்னைக்கு ஹோம் ஸ்கூலிங் பற்றிப் பேசுறவங்க, செடி நடுறதும் கைவேலையும் குழந்தைக்குப் பாடம்தான்னு சொல்றாங்க. அந்தப் பாடம் ஒரு மனுஷனை எவ்வளவு தூரம் கொண்டு போகும், எங்கே அது மட்டும் போதாமல் போகும்னு தெரிஞ்சுக்க கார்வரின் வாழ்க்கை ஒரு நல்ல உதாரணம்.

குதிரைக்குப் பதிலாகக் கிடைத்த குழந்தை

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டயமண்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே மோசஸ் கார்வர், சூசன் கார்வர் என்ற வெள்ளைக்காரத் தம்பதி விவசாயம் செய்துவந்தார்கள். 1855-இல் மோசஸ் 700 டாலர் கொடுத்து மேரி என்ற பெண்ணை அடிமையாக வாங்கினார். அந்த மேரியின் மகன்தான் ஜார்ஜ். 1864 வாக்கில் பிறந்திருக்கலாம். தேதி யாருக்கும் தெரியாது, அடிமையின் குழந்தை பிறந்த நாளை யார் எழுதி வைப்பார்கள்? அப்பா பக்கத்துப் பண்ணையில் அடிமையாக இருந்தவர் என்றும், ஒரு விபத்தில் இறந்துவிட்டார் என்றும் சொல்வார்கள்.

உள்நாட்டுப் போர் நடந்த காலம். அடிமைகளைத் திருடி விற்கும் கூட்டம் ஒன்று மேரியையும் கைக்குழந்தை ஜார்ஜையும் அர்கன்சாஸ் பக்கம் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மோசஸ் ஆள் அனுப்பித் தேடினார். குழந்தை மட்டும்தான் திரும்பி வந்தது. கண்டுபிடித்துக் கொடுத்த ஆளுக்கு மோசஸ் ஒரு பந்தயக் குதிரையைக் கூலியாகக் கொடுத்தாராம். மேரி என்ன ஆனார் என்பது கடைசிவரை தெரியவில்லை.

1865-இல் அடிமை முறை ஒழிந்தது. பிள்ளை இல்லாத மோசஸும் சூசனும் ஜார்ஜையும் அவன் அண்ணன் ஜிம்மையும் தங்கள் வீட்டிலேயே வைத்து வளர்த்தார்கள். ஜிம் நல்ல திடகாத்திரமான பையன், அதனால் மோசஸோடு வயலுக்குப் போனான். ஜார்ஜ் நோஞ்சான். கக்குவான் இருமலில் அடிபட்ட உடம்பு. வயல் வேலைக்கு லாயக்கில்லை என்று அவனை வீட்டில் சூசனுக்கு உதவியாக விட்டுவிட்டார்கள்.

சமையல்கட்டில் முதல் வகுப்பு

சூசன் அவனுக்குச் சமைக்கக் கற்றுக்கொடுத்தார். துணி துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போடக் கற்றுக்கொடுத்தார். கிழிசல் தைப்பது, எம்ப்ராய்டரி, குரோஷா பின்னல் எல்லாம் அந்த வீட்டில்தான் அவன் கைக்கு வந்தது. எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

இதெல்லாம் பெரிய கல்வியா என்று கேட்கலாம். எங்க வீட்டில் பாட்டி குரோஷா போடுவாங்க. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கேன். ஒரு கண்ணியை விட்டுட்டா அப்போ ஒண்ணும் தெரியாது. மூணு நாலு வரிசை தாண்டின பிறகு ஓரம் கோணலா இழுக்கும். அப்போ தப்பு எங்கே நடந்துச்சுன்னு தேடி, அது வரைக்கும் பிரிச்சு, மறுபடியும் போடணும். கோட் எழுதுற நமக்கு இது ரொம்பப் பழக்கமான வேதனை. ஜார்ஜ் அந்தப் பழக்கத்தை ஏழெட்டு வயதில் நூலை வைத்தே கற்றுக்கொண்டான். ஒரு பின்னலைப் பார்த்தால் அது எப்படிப் போடப்பட்டது என்று கண்டுபிடித்துத் தானே போட்டுப் பார்ப்பான்.

அவனிடம் இருந்தது ஒரே ஒரு புத்தகம், வெப்ஸ்டரின் எழுத்துக்கூட்டல் புத்தகம். அதைக் கிட்டத்தட்ட மனப்பாடம் செய்துவிட்டான். ஆனால் அவனுக்குத் தெரியவேண்டியது எதுவும் அதில் இல்லை. இந்தப் பூவுக்குப் பேர் என்ன, இந்தக் கல் ஏன் இந்த நிறம், இந்தப் பூச்சி எங்கேயிருந்து வருது? கேட்டால் பதில் சொல்ல அந்த ஊரில் ஆள் இல்லை.

அதனால் அவன் காட்டுக்குப் போனான். தினமும் அங்கே சுற்றி, பிடித்த செடிகளைத் தோண்டி எடுத்து வந்து, வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு புதருக்குள் ஒளித்து நட்டு வைத்தான். ஏன் ஒளிக்கணும்? அந்த ஊரில் எல்லாரும் உழைத்தால்தான் சாப்பாடு. பூச்செடி வளர்ப்பது வேலையில்லாதவன் செய்யும் பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தார்கள். அதனால் அது யாருக்கும் தெரியாத தோட்டமாகவே இருந்தது.

ஆரம்பத்தில் நிறைய செடிகளைக் கொன்றான். பிடுங்கும்போது வேர் அறுந்துவிடும், பூ ஒடிந்துவிடும். அதற்காக உட்கார்ந்து அழுதிருப்பதாக அவரே பெரியவரான பிறகு நினைவுகூர்ந்திருக்கிறார். மறுபடி மறுபடி செய்து பார்த்ததில் கை பழகிப்போனது. அவன் தொட்ட செடியெல்லாம் பிழைக்க ஆரம்பித்தது. விஷயம் மெல்ல வெளியே பரவியது. அக்கம்பக்கத்தில் வாடிப்போன செடிகளை அவனிடம் வைத்தியத்துக்குக் கொண்டுவந்தார்கள். செடி டாக்டர் என்று பேர் வந்தது. தாவரவியல் என்று ஒரு பாடம் இருப்பதே அப்போது அவனுக்குத் தெரியாது.

கல் சேர்ப்பதிலும் அதே பைத்தியம். கூடை கூடையாகக் கல் கொண்டுவந்து புகைபோக்கிப் பக்கத்தில் குவிப்பான். வீட்டில் திட்டுவார்கள், சரிவில் கொட்டிவிட்டு வரச் சொல்வார்கள். சொன்னபடி கொட்டுவான். அதில் நல்ல கல்லாகப் பார்த்துப் பொறுக்கி வேறு இடத்தில் மறைத்து வைத்துக்கொள்வான்.

கதவு மூடியிருந்தது

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, பார்த்தீங்களா, பள்ளிக்கூடமே தேவையில்லைன்னு சொல்லிடலாம். அது பொய்யாகிவிடும். இன்று ஹோம் ஸ்கூலிங் என்பது அப்பா அம்மா யோசித்து எடுக்கிற முடிவு. ஜார்ஜுக்கு அப்படியில்லை. டயமண்டில் இருந்த பள்ளிக்கூடம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும். அவன் வீட்டில் படித்ததற்கு அதுதான் காரணம். அவனுக்கு வேண்டியிருந்தது பள்ளிக்கூடம்.

சுமார் பன்னிரண்டு வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பினான். எட்டு மைலுக்கு மேல் தள்ளி நியோஷோ என்ற ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தபோது தங்க இடமில்லை. ஒரு கொட்டகையில் படுத்தான். அந்தக் கொட்டகை மரியா வாட்கின்ஸ், ஆண்ட்ரூ வாட்கின்ஸ் தம்பதியின் வீட்டோடு சேர்ந்தது. அவர்களுக்கும் பிள்ளை இல்லை. அவனை வீட்டோடு வைத்துக்கொண்டார்கள்.

மரியா பிரசவம் பார்ப்பவர், மூலிகை தெரிந்தவர், துணி வெளுத்தும் சம்பாதித்தார். எந்த இலை எதற்கு உதவும் என்று அவரிடம் கற்றுக்கொண்டான். அதைவிட முக்கியமான ஒன்றையும் அவர்தான் மாற்றினார். அதுவரை அவன் தன்னைக் கார்வருடைய ஜார்ஜ் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். அதாவது கார்வருக்குச் சொந்தமானவன். இனிமேல் நீ ஜார்ஜ் கார்வர் என்று அவர் திருத்தினார்.

நியோஷோ பள்ளியில் கற்க இருந்ததைச் சீக்கிரமே கற்று முடித்துவிட்டான். பிறகு கான்சாஸ் மாநிலத்தில் ஊர் ஊராக அலைச்சல். ஃபோர்ட் ஸ்காட் என்ற ஊரில் 1879-இல் ஒரு கறுப்பின மனிதரை வெள்ளையர் கும்பல் கொன்றதை நேரில் பார்த்தான். உடனே அந்த ஊரைவிட்டே போய்விட்டான். போன இடத்திலெல்லாம் அவனைக் காப்பாற்றியது சூசன் கற்றுக்கொடுத்த வேலைதான். யார் வீட்டிலாவது சமைப்பான். ஊராருக்குத் துணி வெளுத்து இஸ்திரி போட்டுக் கொடுப்பான். அந்தக் காசில் பள்ளிக்கூடம் போவான். அப்படியே மினியாபொலிஸ் என்ற கான்சாஸ் ஊரில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார்.

1885-இல் ஹைலேண்ட் என்ற கல்லூரிக்குக் கடிதம் மூலம் விண்ணப்பித்தார். இடம் கிடைத்தது. நேரில் போய் நின்றபோது, கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கவுன்சிலிங்ல கேட்ட காலேஜ் கிடைக்கலைன்னே நமக்கெல்லாம் எவ்வளவு வலிச்சுது? இவருக்கு இடம் கிடைத்தபிறகு முகத்தைப் பார்த்து இல்லைன்னு சொன்னாங்க.

அதற்குப் பிறகு கான்சாஸின் மேற்குப் பக்கம் பீலர் என்ற இடத்தில் அரசு கொடுத்த நிலத்தில் குடியேறினார். மரமே இல்லாத சமவெளி அது. புல்வேரோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கி வீடு கட்டிக்கொண்டார். 17 ஏக்கரைத் தன் கையாலேயே உழுதார். அங்கேயும் வீட்டோடு சின்னதாக ஒரு செடி வளர்ப்புக் கூடம் வைத்திருந்தார். கல்லூரி வேண்டாம் என்று சொன்னாலும் செடி டாக்டர் வேலையை விடவில்லை.

துணி வெளுத்து ஒரு டிகிரி

பிறகு அயோவா மாநிலத்துக்குப் போனார். அங்கே நட்பான ஒரு குடும்பம் தூண்டியதால் மறுபடியும் துணிந்து விண்ணப்பித்தார். 1890-இல் சிம்ப்சன் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. என்ன படிக்கச் சேர்ந்தார் தெரியுமா? ஓவியமும் பியானோவும்! செலவுக்கு வழக்கம்போல மாணவர்களின் துணியை வெளுத்தார்.

ஓவிய ஆசிரியை எட்டா பட், இந்த மாணவர் வரைவதெல்லாம் செடிகளாக இருப்பதைக் கவனித்தார். செடியின் ஒவ்வொரு பாகமும் அவ்வளவு சரியாக இருந்தது. கறுப்பினத்தவர் ஒருவர் ஓவியம் வரைந்து பிழைப்பது கஷ்டம் என்று அவர் கவலைப்பட்டார். அவருடைய அப்பா ஏம்ஸ் நகரில் இருந்த அயோவா வேளாண் கல்லூரியில் தோட்டக்கலைப் பேராசிரியர். அங்கே போய் விவசாயம் படி என்று அனுப்பிவைத்தார். 1891-இல் அந்தக் கல்லூரியின் முதல் கறுப்பின மாணவராக கார்வர் சேர்ந்தார். ஓவியத்தையும் அவர் விடவில்லை. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அவருடைய கள்ளிச்செடி ஓவியம் பாராட்டுப் பெற்றது.

1894-இல் பட்டம் வாங்கினார். மனிதன் செடிகளை எப்படி மாற்றியிருக்கிறான் என்பதுதான் அவருடைய ஆய்வேட்டின் பொருள். ஒட்டுக் கட்டுவதும் இனக்கலப்பும் புத்தகத்தில் வருவதற்கு வெகுகாலம் முன்பே செடியைக் கையில் பிடித்துப் பழகியவர் அவர். பேராசிரியர் லூயிஸ் பாமெலிடம் பூஞ்சைகளை ஆராய்ந்து 1896-இல் முதுகலைப் பட்டமும் முடித்தார். அதற்குள் அந்தக் கல்லூரியிலேயே பாடமும் நடத்த ஆரம்பித்திருந்தார்.

ஏம்ஸில் நடந்த ஒரு சின்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அங்கே வாலஸ் என்ற பேராசிரியருக்கு ஆறு வயதுப் பையன் ஒருவன். கார்வர் செடி சேகரிக்கக் கிளம்பும்போது அவனையும் கூட்டிக்கொண்டு போவார். புல்லைப் பிரித்து, பூவைப் பிரித்து, எந்தப் பாகத்துக்கு என்ன வேலை என்று காட்டுவார். காட்டில் தனக்குச் சொல்லித்தர ஆள் இல்லாமல் போன பாடத்தை இந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பையன் ஹென்றி வாலஸ். பின்னாளில் மக்காச்சோள ஒட்டு விதை ஆராய்ச்சியில் இறங்கி, 1926-இல் விதைக் கம்பெனி தொடங்கினார். அமெரிக்காவின் வேளாண் துறை அமைச்சராகி, 1941 முதல் 1945 வரை துணை ஜனாதிபதியாகவும் இருந்தார். செடிகள் மேல் தனக்கு ஆசை வந்ததற்குக் கார்வருடன் நடந்த அந்த நடைகள்தான் காரணம் என்று அவர் கடைசிவரை சொல்லிவந்தார்.

குப்பையில் கட்டிய லேப்

1896-இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே புக்கர் வாஷிங்டன் கறுப்பின மாணவர்களுக்காக ஒரு கல்வி நிலையம் நடத்திவந்தார். அதன் விவசாயத் துறைக்குத் தலைவர் வேண்டும், சம்பளம் வருஷத்துக்கு 1,000 டாலர். கார்வர் போனார். போய்ப் பார்த்தால் லேப் என்று சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை.

மாணவர்களைக் கூட்டிக்கொண்டு குப்பை மேடுகளுக்குப் போனார். காலி பாட்டில், உடைந்த பீங்கான், பழைய பாத்திரம், தகரம், கம்பி எல்லாம் பொறுக்கிவந்தார்கள். மை பாட்டிலில் திரி போட்டு விளக்கு ஆக்கினார்கள். கனமான டீ கப் அரைக்கும் கலுவம் ஆனது. தகரத்தில் ஓட்டை போட்டுச் சல்லடை ஆக்கினார்கள். அந்த லேபில்தான் முதல் வருஷம் பாடம் நடந்தது.

இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் வெட்கமா இருந்துச்சு. மூணாவது வருஷ மினி ப்ராஜெக்டை நாங்க நாலு பேர் சேர்ந்து காசு கொடுத்து ரெடிமேடா வாங்கினோம். சென்சார், போர்டு எல்லாம் பொருத்தியே கொடுத்தாங்க. வைவால ஒரு ரெசிஸ்டரை ஏன் அங்கே போட்டீங்கன்னு கேட்டதுக்கு நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். எங்க லேப்ல எல்லாம் இருந்துச்சு. கை மட்டும் பழகலை.

கார்வர் முன்னால் இருந்த பிரச்சினை மண். தெற்கு மாநிலங்களில் வருஷா வருஷம் பருத்தி, பருத்தி, பருத்தி மட்டும்தான். நிலத்தின் சத்து உறிஞ்சப்பட்டு மண் வெளுத்துப் போயிருந்தது. வாரத்துக்கு உழுத கறுப்பின விவசாயிகள் கடனில் மூழ்கியிருந்தார்கள். உரம் வாங்கக் காசு இல்லை. போதாக்குறைக்கு மெக்சிகோவிலிருந்து வந்த பருத்திக் காய் வண்டு 1892 வாக்கில் டெக்சாஸுக்குள் நுழைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே வந்து, 1910 வாக்கில் அலபாமாவையும் தொட்டது.

கார்வர் சொன்னது இதுதான். காட்டில் உதிர்ந்து மக்கிய இலையும் சதுப்பு நிலத்துச் சேறும் காசில்லாமல் கிடைக்கும் உரம், அதை வயலில் போடுங்கள். பருத்தியை மாற்றித் தட்டைப்பயறும் வேர்க்கடலையும் போடுங்கள். பயறு வகைச் செடிகளின் வேரில் சின்ன முடிச்சுகள் இருக்கும். அதற்குள் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடி பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றும். அந்தச் செடி மண்ணில் மக்கும்போது அடுத்த பயிருக்கும் சத்து கிடைக்கும். பயிர் சுழற்சி என்பது அவர் கண்டுபிடித்த விஷயம் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத, கையில் காசில்லாத விவசாயி செய்யக்கூடிய மாதிரி அதைச் சொன்னதுதான் அவர் வேலை.

எப்படிச் சொன்னார்? சூசன் தனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே, செய்து காட்டினார். வார இறுதிகளில் வண்டியில் விதையும் கருவிகளும் ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குப் போவார். 1906-இல் மோரிஸ் ஜெசப் என்ற பணக்காரர் கொடுத்த உதவியால் அதற்கென்றே ஒரு வண்டியைக் கார்வர் வடிவமைத்தார். ஜெசப் வண்டி என்றே அதற்குப் பேர். நடமாடும் விவசாயப் பள்ளிக்கூடம் அது. கிராமத்தில் நிறுத்தி, உழுது காட்டி, விதைத்துக் காட்டி, சமைத்தும் காட்டினார்கள்.

படிக்கத் தெரிந்தவர்களுக்காக எளிய மொழியில் சின்னச் சின்னக் கையேடுகள் எழுதினார். மொத்தம் 44. அதில் 1910-இல் வந்தது கிராமப் பள்ளிகளுக்கானது. தோட்ட வேலை வழியாகவும் இயற்கையைக் கவனிப்பதன் வழியாகவும் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்று ஆசிரியர்களுக்காக எழுதினார். ஒளித்து வைத்த தோட்டத்தில் தான் தனியாகப் படித்த பாடத்துக்கு அவரே சிலபஸ் போட்ட மாதிரி! அடுத்த வருஷம் இன்னொன்று. அலபாமாவின் செம்மண், மஞ்சள் மண், வெள்ளை மண்ணை எடுத்துக் கரைத்து வடிகட்டி, வீட்டுச் சுவருக்கு எப்படி வண்ணம் அடிப்பது என்று சொல்லும் கையேடு. வெள்ளையடிக்கக்கூட வசதி இல்லாத குடிசைக்காரர்கள் காலுக்குக் கீழே இருக்கிற மண்ணை எடுத்தே வீட்டை அழகாக்கிக்கொள்ளலாம். சின்ன வயதில் கூடை கூடையாகக் கல் சேர்த்த பையன்தானே இவர்?

பேரும் புகழும், கொஞ்சம் கட்டுக்கதையும்

1916-இல் வேர்க்கடலைக் கையேடு வந்தது. எப்படிப் பயிரிடுவது என்பதோடு, கடலையை வைத்து 105 வகைச் சமையல் குறிப்புகள். விவசாயி கடலை போட்டால் மட்டும் போதாது, வீட்டில் அது பயன்படவும் வேண்டும் இல்லையா? சமையல்கட்டில் வளர்ந்தவருக்கு அது தெரிந்திருந்தது.

1921-இல் வாஷிங்டனில் நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன்னால் வேர்க்கடலை இறக்குமதி வரி பற்றிப் பேசப்போனார். பத்து நிமிஷம் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் ஒரு சிலர் அவர் நிறத்தை வைத்துக் கிண்டலும் செய்தார்கள். அவர் பெட்டியிலிருந்து கடலையில் செய்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டக் காட்ட, நேரத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். அந்த ஒரு நாளில் அவர் நாடறிந்த மனிதர் ஆனார்.

புகழோடு கட்டுக்கதையும் வந்தது. கடலையிலிருந்து 300 பொருள்களைக் கண்டுபிடித்தார் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். அந்தப் பட்டியலில் நிறைய சமையல் குறிப்புகளும் ஏற்கெனவே மற்றவர்கள் செய்துவந்தவையும் உண்டு. கடைக்கு வந்து ஜெயித்தவை மிகக் குறைவு. அவர் வாங்கிய காப்புரிமை மூன்றே மூன்றுதான், 1925-லும் 1927-லும். ஒன்று அழகுசாதனப் பொருள், மற்ற இரண்டும் வண்ணச் சாயம் சம்பந்தப்பட்டவை. சோதனைகளின் செய்முறையைச் சரியாகக் குறித்து வைக்கும் பழக்கமும் அவருக்கு இல்லை. நமக்கு ரெக்கார்ட் நோட் எழுதக் கடுப்பா இருக்கும்தான். ஆனா எழுதாம விட்டா என்ன ஆகும்னு இவரைப் பார்த்தா தெரியும். அவர் செய்த பலதை அவருக்குப் பிறகு யாராலும் திரும்பச் செய்து பார்க்க முடியவில்லை.

நிர்வாகத்திலும் அவர் சுமார்தான். கோழிப் பண்ணையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று புக்கர் வாஷிங்டனோடு வருஷக்கணக்கில் சண்டை. கோபம் வந்தால் ராஜினாமா செய்துவிடுவேன் என்று கடிதம் எழுதுவார். ஆனாலும் 47 வருஷம் டஸ்கீகியை விட்டுப் போகவில்லை. சம்பள உயர்வும் கேட்கவில்லை. பழைய கோட்டையே தைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டார். அந்தக் கோட்டில் தினமும் ஒரு பூ மட்டும் புதிதாக இருக்கும்.

கைவேலையையும் நிறுத்தவே இல்லை. உலகம் அறிந்த விஞ்ஞானி ஆன பிறகும் ராத்திரி உட்கார்ந்து குரோஷா பின்னினார். சாக்குத் துணியில் எம்ப்ராய்டரி போட்டார். மண்ணிலிருந்து தானே எடுத்த வண்ணத்தில் படம் வரைந்தார். டஸ்கீகியில் அவர் பேரில் இருக்கும் அருங்காட்சியகத்தில் இவையும் வைக்கப்பட்டன. 1947-இல் அங்கே நடந்த தீ விபத்தில் அவர் ஓவியங்களில் பெரும்பாலானவை எரிந்துபோயின.

1943 ஜனவரி 5 அன்று கார்வர் இறந்தார். சேர்த்து வைத்திருந்த சுமார் 60,000 டாலரையும் ஆராய்ச்சிக்கும் அருங்காட்சியகத்துக்கும் விட்டுச் சென்றார். சண்டை போட்ட புக்கர் வாஷிங்டனின் சமாதிக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். அதே வருஷம் ஜூலையில் டயமண்டில் அவர் பிறந்த பண்ணையை அமெரிக்க அரசு தேசிய நினைவிடமாக அறிவித்தது. கறுப்பினத்தவர் ஒருவருக்காக அந்த நாட்டில் அறிவிக்கப்பட்ட முதல் தேசிய நினைவிடம் அது. ஊருக்குப் பயந்து ஒரு பையன் செடிகளை ஒளித்து வைத்த அந்தக் காட்டுக்குள் இப்போது நடைபாதை போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

கடைசியா ஒரு சின்ன வேலை

கட்டுரையைப் படிச்சு முடிச்சதும் மறந்துடுவீங்கன்னு தெரியும். நானும் அப்படித்தான். அதனால இதைச் செஞ்சு பாருங்க. வறுக்காத பச்சை வேர்க்கடலை நாலு எடுத்து ஒரு ராத்திரி ஊற வைங்க. கடலையோ பயறோ விளைஞ்ச வயல் மண் கிடைச்சா அதை ஒரு பழைய வாளியில் போட்டு, அடியில் ஓட்டை போட்டு, விதைச்சு, வெயில்ல வைங்க. ஹாஸ்டல் மொட்டை மாடியே போதும். ஒரு மாசத்துக்கு மேல ஆனா மஞ்சளா பூ வரும். பூ வாடின பிறகு அதோட அடியிலிருந்து ஒரு காம்பு நீண்டு, கீழே வளைஞ்சு, தானே மண்ணுக்குள்ள இறங்கும். காய் அங்கேதான் வைக்கும். பூ மேல, காய் கீழ! இதைப் படத்தில் பார்த்திருப்போம், நேரில் பார்த்தவங்க எத்தனை பேர்?

ஒரு செடியை மட்டும் வேர் அறாமல் மெதுவா எடுத்துக் கழுவிப் பாருங்க. வேர் முழுக்கக் குண்டூசித் தலை மாதிரி முடிச்சு முடிச்சா இருக்கும். ஒண்ணை நகத்தால் கீறினா உள்ளே இளஞ்சிவப்பா இருக்கும். அப்படி இருந்தா அங்கே நைட்ரஜன் வேலை நடக்குதுன்னு அர்த்தம். கார்வர் அலபாமா விவசாயிகளுக்குச் சொன்ன அறிவியல் அந்த முடிச்சுக்குள்ள இருக்கு.

நான் போன செமஸ்டர் லீவில் ஊரில் வைச்சேன். முதல் தடவை பிடுங்கும்போது வேர் அறுந்துபோச்சு. ரெண்டாவது தடவைதான் முழுசா வந்துச்சு.